‘ஒரு டாலருக்கு மூன்று டாலர் மிச்சம்’: உறுதியான கணக்கு அல்ல

ஊழியர்களின் உடல்நலத்தை மேம்படுத்த நிறுவனம் நடத்தும் திட்டத்தில் போடும் ஒவ்வொரு டாலரும் மூன்று டாலர் மருத்துவச் செலவை மிச்சப்படுத்தும் என்று பரவிவரும் கூற்று, 2010இல் அமெரிக்காவில் வெளியான ஒரு தொகுப்பாய்விலிருந்து (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் ஆய்விலிருந்து) பிறந்தது. அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் பலவற்றில், திட்டத்தில் யார் சேர்வது என்பது குலுக்கல் முறையில் தேர்வு செய்யப்படவில்லை. உடல்நலத்தில் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்களே இத்தகைய திட்டங்களில் விரும்பிச் சேர்வதால், பலன் மிகைப்பட்டுத் தெரியும். அந்தத் தொகுப்பாய்வை எழுதிய மூவருள் இருவரான கேத்தரின் பெய்க்கரும் ஸிருயி சாங்குமே, சுமார் 33,000 ஊழியர்களைக் கொண்ட ஒரு சில்லறை வணிக நிறுவனத்தில், 160 பணியிடங்களுள் 20ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்து திட்டத்தை நடத்தச் செய்து, 2019இல் முடிவை வெளியிட்டனர். 18 மாதங்களில், தவறாமல் உடற்பயிற்சி செய்வதாகக் கூறியோர் கூடினரே தவிர, இரத்த அழுத்தமோ மருத்துவச் செலவோ விடுப்போ குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. அக்காலம் போதாது என வாதிடலாம். அதற்காக மூன்று டாலர் கணக்கு மெய்யாகிவிடாது.