செய்தி வந்து சேராத ஊரில் சினிமா

கடந்த மாதம் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கைபேசியில் ஓர் அறிவித்தலைக் காட்டி, "அண்ணை, இதுக்கு இன்னும் போடலாமோ?" என்று கேட்டார். ஆவணப்படத் துறைக்குப் புதிதாக வருபவர்களுக்காகக் கொழும்பில் நடக்கவிருந்த, தங்குமிடமும் சேர்ந்த இலவசப் பயிற்சிப் பட்டறை அது. முடிவுத் திகதி கடந்து மூன்று நாளாகியிருந்தது. கடலட்டைத் தொழிலாளர்களைப் பற்றி எட்டு மாதமாகத் தனியாளாகப் படம் பிடித்து வருகிறவர் அவர். அந்தப் பட்டறை தேடியதும் அப்படியான ஒருவரைத்தான். எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அதே அறிவித்தல் ஒரு மாதத்துக்கு முன்னரே எனக்கு மின்னஞ்சலில் வந்திருந்தது. எனக்குப் பொருந்தாது என்று மூடிவிட்டேன். இவருக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவில்லை.

யாழ்ப்பாணத்துச் சுயாதீன சினிமாவுக்கு என்ன குறை என்று கேட்டால் முதலீடு இல்லை, திரையரங்கு கிடைப்பதில்லை, தென்னிந்தியப் படங்களோடு போட்டிபோட முடியாது என்று அடுக்குவோம். அவை எல்லாம் உண்மையே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னால் நான் வைப்பது இந்தக் குறையைத்தான்: இங்கே வாய்ப்புப் பற்றிய செய்தி பொதுவில் இல்லை. அது தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவருக்கே போகிறது. ஸ்டூடியோவில், தேநீர்க் கடையில், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் அது சுற்றிவிட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் ஸ்டூடியோவில் கூடிக் கதைக்கும் வட்டத்துக்குள் ஒரு பெண் பிள்ளை எப்படி வருவார்? பருத்தித்துறையிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ ஒருவர் எப்படி வருவார்? நெடுந்தீவுக்காரர் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பிறகு பேருந்து பிடித்துத்தான் நகரத்துக்கே வர முடியும். நாம் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனால் பழக்கத்தின் வழியாக மட்டும் செய்தி போகும் இடத்தில் பழக்கமில்லாதவர் தாமாகவே ஒதுங்கிப்போகிறார். எங்கள் படங்களின் பெயர்ப் பட்டியலில் நடிகையரைத் தவிர்த்துப் பெண்களின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இதன் விளைவு தெரியும்.

ஆட்கள் இல்லாமலில்லை. இங்கே குறும்படம் எடுப்பவர்களிற் பலர் கல்யாண வீட்டு வீடியோவிலும் சாமத்திய வீட்டு வீடியோவிலும் உழைப்பவர்கள். அந்த வேலையை இளப்பமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திரும்ப எடுக்க முடியாத ஒரு தருணத்தை, கிடைக்கிற வெளிச்சத்தில், நூறு பேர் குறுக்கே நிற்கப் பிடித்துப் பழகிய கைகள் அவை. நல்ல கமராவும் கணினியும் அவர்களிடம் உண்டு. ஒலிப்பதிவு தெரிந்தவர்கள்தாம் குறைவு. அதனால்தான் கோயில் ஒலிபெருக்கியும் காகமும் கடற்காற்றும் எங்கள் வசனங்களை விழுங்கிவிடுகின்றன. கற்றுக்கொள்ள ஒரு பட்டறை கிடைத்தால் அது இரண்டே வருடத்தில் தீரக்கூடிய குறை.

ஒருவர் இன்னொருவரைச் சந்திப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1970களில் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜா, காவலூர் இராசதுரையின் எழுத்தில் 1977 இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். சாதியையும் சீதனத்தையும் பற்றி யாழ்ப்பாண மண்ணிலேயே நின்று கதைத்த படம் அது. கொழும்பிலிருந்து திட்டம் போட்டு வந்து எடுத்திருந்தால் அது வேறு படமாகியிருக்கும். இங்கே வாழ்ந்து, இங்குள்ள எழுத்தாளர்களோடும் கலைஞர்களோடும் பழகியதில் விளைந்ததனாலேயே அதற்கு அந்த முகம் கிடைத்தது. வியாபார ரீதியில் அது தோற்றது. அதற்கு ஐந்து வருடம் முன்னதாக, 1972 இல், கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' வந்தது. படம் எடுக்கும் துணிவு எங்களிடம் எப்போதும் இருந்திருக்கிறது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். ஆனால் எடுத்த படத்தைச் சுற்றி நின்று அதைக் காட்டவும் பேசவும் பாதுகாக்கவும் ஒரு கூட்டம் சேரவில்லை. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. அது மற்றவர்கள் வைத்த தீ. இன்று எங்கள் குறும்படங்கள் பழுதான ஹார்ட் டிஸ்க்கிலும், கடவுச்சொல் மறந்துபோன யூரியூப் கணக்கிலும் ஒவ்வொன்றாக அழிவதற்கு நாங்கள்தாம் பொறுப்பு.

2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயக்குநர் அனோமா ராஜகருணாவின் முயற்சியில் வந்த அந்த விழா, உலக சினிமாவை எங்கள் ஊர்த் திரையில் பார்க்கவும் இயக்குநர்களிடம் நேரே கேள்வி கேட்கவும் வழி திறந்தது. மிக நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் ஒரு விழா சில நாட்களில் முடிந்துவிடும். மற்ற மாதங்களில் அதே பார்வையாளர்கள் எங்கே கூடுகிறார்கள் என்பது விழாக் குழுவின் பொறுப்பாகாது. இங்கே வாழ்கிற எங்களுடையது.

வாய்ப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. ரொட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பல்ஸ் நிதியம், ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க இயக்குநர்களின் முழுநீளப் படங்களுக்குத் திரைக்கதைக் கட்டத்திலேயே கைகொடுக்கிறது. பேர்லின் விழாவையொட்டி ஒவ்வொரு பெப்ரவரியிலும் நடக்கும் பேர்லினாலே டலன்ட்ஸ், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலிக் கலைஞர் என்று பல துறையினரையும் உலகெங்கிலுமிருந்து அழைக்கிறது. பெரும்பாலான குறும்பட விழாக்களுக்கு இன்று இணையத்தின் வழியாகவே படத்தை அனுப்பலாம். இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, என்ன எழுதக் கேட்கிறார்கள் என்பதே எங்களுக்குப் பழக்கமில்லாமல் இருப்பது. கதையை இரண்டு வரியில் சொல்லும் குறிப்பு, காட்சியமைப்பு விளக்கம், இந்தப் படத்தை நான் ஏன் எடுக்கிறேன் என்ற இயக்குநர் கூற்று, வரவுசெலவுத் திட்டம்: இந்த நான்கையும் முதலில் தமிழில் ஒழுங்காக எழுதிவிட்டால் மொழிபெயர்க்க ஆள் தேடலாம். தமிழிலேயே எழுதாத ஒன்றை யாரும் மொழிபெயர்க்க முடியாது.

சின்னச் சின்ன விதிகள் தெரியாமல் நாம் இழப்பவையும் உண்டு. 2018 இல் நான் எடுத்த 14 நிமிடப் படத்தை, முடித்த வாரமே யூரியூபில் ஏற்றினேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்; ஊரார் பார்த்துப் பாராட்டினார்கள்; அந்த மகிழ்ச்சியும் பொய்யில்லை. பிறகு வெளிநாட்டு விழாவொன்றுக்கு அனுப்பியபோது, இணையத்தில் பொதுவாகப் பார்க்கக் கிடைக்கும் படத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று பதில் வந்தது. ஒரு வருடம் பொறுத்திருந்து விழாக்களுக்கு அனுப்பிய பின்னர் ஏற்றியிருக்கலாம். இதை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைப்பதுண்டு. அதுபோல், ஒஸ்கார் விதிப்படி குறும்படம் என்பது பெயர்ப் பட்டியலையும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும்; வேறு பல விழாக்களின் எல்லை அதைவிடக் குறைவு. இங்கே நல்ல படங்கள் சில 50 நிமிடத்தில் நின்று, குறும்படப் போட்டிக்கும் போகாமல் முழுநீளப் படமாகவும் எடுபடாமல் கிடக்கின்றன. சினிமாப் பாட்டை அனுமதியில்லாமல் பின்னணியில் போட்டதால் வெளியே அனுப்ப முடியாமற்போன படங்களும் அப்படியே.

உள்ளூர் அனுமதிகளும் ஒரு தனிப் பாடம். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் படம்பிடிக்கத் தொல்லியல் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். பொதுத் திரையிடல்களைத் தணிக்கை செய்யும் சபை, 1912 ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைக் கட்டளைச் சட்டத்தின் வழியில் இன்றும் இயங்குகிறது. ஒவ்வொரு குழுவும் இதை முதலிலிருந்து விசாரித்து அலைகிறது. ஒருமுறை அலைந்தவர் எழுதிவைத்தால் அடுத்தவருக்கு ஒரு வாரம் மிச்சம்.

கூலி பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். சில வருடங்களுக்கு முன்னர், வெளிநாட்டுப் பணத்தில் இங்கே எடுக்கப்பட்ட படமொன்றில் 11 நாட்கள் உதவி ஒளிப்பதிவாளராக வேலை செய்தேன். என்னோடு உழைத்த மூன்று இளைஞர்களுக்குப் பேசிய தொகையில் பாதிதான் கிடைத்தது; படத்தில் அவர்களின் பெயரும் வரவில்லை. எழுத்தில் ஒன்றுமில்லாததால் கேட்கவும் வழியில்லாமற்போயிற்று. புலம்பெயர்ந்த உறவுகளின் ஆதரவில்லாமல் எங்கள் சினிமா இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பதை நான் மறக்கவில்லை. அந்த நன்றி, ஒரு பக்க ஒப்பந்தம் கேட்பதற்குத் தடையாக இருக்கக் கூடாது. நாட்கூலி எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு, பெயர் எப்படி வரும் என்று தமிழில் ஒரு மாதிரிப் படிவம் எல்லோர் கையிலும் இருந்தால், புதிதாக வரும் பிள்ளை கூச்சப்படாமல் அதை நீட்டலாம்.

என்னால் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அந்த வாரத்தில் எனக்குத் தெரியவரும் பட்டறை, நிதியுதவி, விழா, உள்ளூர்ப் படப்பிடிப்புக்கான ஆட்தேவை எல்லாவற்றையும் முடிவுத் திகதியோடும் கட்டணத்தோடும் தகைமையோடும் தமிழில் எழுதி இங்கே பொதுவில் இடுவேன். எனக்குப் பொருந்தாதவற்றையும் இடுவேன். மாதம் ஒரு மாலை இரண்டு உள்ளூர்ப் படங்களைத் திரையிட்டு, எடுத்தவரையும் அழைத்துக் கதைக்க ஓரிடம் வேண்டும். 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார நிலையத்தின் பெரிய அரங்கு இதற்குத் தேவையில்லை. நாற்பது கதிரையும் ஒழுங்கான ஒலியும் உள்ள ஒரு மண்டபம் போதும், மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழுக்கு முடித்தால் கடைசிப் பேருந்துக்கும் நேரமிருக்கும். திரையிடும் படத்தின் பிரதியொன்றை, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் பாதுகாக்கும் நூலக நிறுவனத்தின் ஆவணகத்தில் சேர்க்க வழிகேட்பதையும் நானே பொறுப்பெடுக்கிறேன்.

கொழும்பிலிருந்து வரும் அறிவித்தல்களிற் சில சிங்களத்தில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரும், வடமராட்சி, தீவகம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களிலிருந்து செய்தி தரவும் எடுத்துப்போகவும் கூடிய தலா ஒருவரும் வேண்டும். அவர்களிற் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆட்கள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முதல் அறிவித்தல் வருகிற ஞாயிற்றுக்கிழமை வரும். குருநகர்த் தம்பிக்குப் பொருத்தமான இன்னொரு பட்டறை அதில் இருக்கிறது, முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று வாரம் உண்டு.