ஜெரால்ட் போஸ்டாக் வளர்ந்து என்ன ஆனான்?

இருபதுகளில் ஒரு மகத்தான ஆல்பம் செய்த ராக் இசைக்கலைஞர், அறுபது வயதைத் தாண்டியபின் அதற்கு இரண்டாம் பாகம் செய்யப்போவதாக அறிவித்தால் என்ன பேச்சு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சரக்கு தீர்ந்துவிட்டது, பழைய பெயரை வைத்துக் காசு பார்க்கிறார், அதை அப்படியே விட்டுவைத்தால்தான் என்ன. ரசிகர்கள் எனப்படுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. முதல் ஆல்பம் எங்கேயும் போய்விடவில்லை. அதன் ஒரு நொடியைக்கூட இரண்டாம் பாகம் அழிக்காது. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அந்த வாழ்க்கையைப் புதிய ஆல்பத்துக்குள் கொண்டுவந்திருக்கிறாரா, அல்லது பழைய இளைஞனைப் போல வேஷம் போடுகிறாரா?

இதைப் பேச இயன் ஆண்டர்சனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.

அவர் பாடகராகவும் புல்லாங்குழல் கலைஞராகவும் இருக்கும் பிரிட்டிஷ் ராக் குழு ஜெத்ரோ டல், 1971இல் 'அக்வாலங்' ஆல்பத்தை வெளியிட்டது. விமர்சகர்கள் அதைக் கான்செப்ட் ஆல்பம் என்றார்கள், அதாவது எல்லாப் பாட்டுகளும் சேர்ந்து ஒரே கருவைச் சொல்லும் ஆல்பம். ஆண்டர்சனோ அது வெறும் பாடல்களின் தொகுப்புதான் என்று மறுத்துக்கொண்டே இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. சரி, உங்களுக்குக் கான்செப்ட் ஆல்பம்தானே வேண்டும், இந்தாருங்கள் என்று அவர் 1972இல் கொடுத்ததுதான் 'திக் ஆஸ் எ பிரிக்'. நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒரே பாட்டு. இசைத்தட்டின் முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடுவதற்காக நிறுத்த வேண்டுமே, அந்த ஒரு இடைவெளிதான். ஜெரால்ட் போஸ்டாக் என்ற எட்டு வயதுச் சிறுவன் எழுதிய கவிதைக்கு இசையமைத்திருக்கிறோம் என்றார்கள். அப்படி ஒரு சிறுவனே கிடையாது. ஆல்பத்தின் உறையை செயின்ட் க்ளீவ் என்ற கற்பனை ஊரின் பன்னிரண்டு பக்கச் செய்தித்தாளாக அச்சிட்டார்கள். ஜெரால்ட் கவிதைப் போட்டியில் வென்றதும், கவிதை தகாதது என்று எதிர்ப்பு கிளம்பியதால் பரிசு பறிக்கப்பட்டதும் அதில் செய்தியாக இருக்கும். கூடவே உள்ளூர் விளையாட்டு, விளம்பரங்கள், புதிர்கள் எல்லாம் இருக்கும். இசையைப் பதிவு செய்ததைவிட இந்தச் செய்தித்தாளைத் தயாரிக்கத்தான் அதிக நாள் பிடித்தது என்று ஆண்டர்சன் சொல்லியிருக்கிறார்.

கேலியாகத் தொடங்கியது, தான் கேலி செய்த வகையிலேயே ஆகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாகிவிட்டது. அமெரிக்காவில் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கும் போனது. அந்தத் தொடக்கத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். தனியாக ஒரு அக்கூஸ்டிக் கிடார், மேலே அந்த இளம் குரல், பிறகு புல்லாங்குழல். கொஞ்ச நேரத்தில் பாரிமோர் பார்லோவின் டிரம்ஸும் ஜான் எவனின் ஆர்கனும் மார்ட்டின் பாரின் கிடாரும் சேர்ந்து அடிக்கத் தொடங்கும்போது உடம்பு நிமிரும். தாளம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் எங்கேயும் ஒட்டுப்போட்டது தெரியாது. அதைச் செய்தபோது ஆண்டர்சனுக்கு இருபத்து நான்கு வயது.

அந்த வயதில் ஒருவர் எட்டு வயதுச் சிறுவனின் பேரில் பெரியவர்களின் உலகத்தைச் சாடுகிறார். பள்ளி, ராணுவம், தேவாலயம், வர்க்க மரியாதை, எதையும் விடவில்லை. அதில் கோபம் இருக்கிறது, ஆணவம் இருக்கிறது, இளமைக்கே உரிய அந்தத் தீர்ப்புச் சொல்லும் அவசரமும் இருக்கிறது. எனக்கு அந்த அவசரமும் பிடிக்கும். ஆனால் அது ஒரு கேள்வியைத் திறந்தபடி விட்டுவிட்டது. இவ்வளவு கூர்மையான பையன் வளர்ந்தால் என்ன ஆவான்? தான் திட்டிய அதே பெரியவர்களில் ஒருவனாக ஆகிவிடுவானா?

1972இல் ஆண்டர்சனால் இதற்குப் பதில் எழுதியிருக்க முடியாது. அவரே அப்போது வளர்ந்து முடிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2012இல், அறுபத்து நான்கு வயதில் எழுதினார்.

இரண்டாம் பாகம் வேண்டும் என்ற யோசனையைப் பல காலமாக ஒதுக்கிவந்தவர்தான் அவர். கடைசியில் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், சொல்வதற்கு ஒன்று கிடைத்ததுதான் என்று நான் நம்புகிறேன். அந்த ஆல்பத்தில் ஜெரால்ட் ஐம்பது வயதைத் தொடும் மனிதன். அவனுக்கு ஒரே வாழ்க்கையைக் கொடுக்காமல் ஐந்து வாழ்க்கைகளைக் கொடுக்கிறார். ஒன்றில் அவன் வங்கிக்காரன். ஒன்றில் வீடில்லாமல் தெருவில் கிடப்பவன். ஒன்றில் போருக்குப் போன ராணுவ வீரன். ஒன்றில் கூட்டத்தைக் கவர்ந்து காணிக்கை வாங்கும் மதபோதகன். ஐந்தாவதில் மிகச் சாதாரண ஆள், சின்னக் கடை, பொம்மை ரயில் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் காலை வைத்தான் என்பதைப் பொறுத்து இந்த ஐவரில் யாராகவும் அவன் ஆகியிருக்கலாம்.

இதை எழுத இசைத் திறமை மட்டும் போதாது. நடுவயதைக் கடந்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நமக்குக் கிடைத்த வாழ்க்கையில் நம் சாமர்த்தியம் எவ்வளவு, தற்செயல் எவ்வளவு என்ற கேள்வி ராத்திரியில் வந்து உறுத்தியிருக்க வேண்டும். 1972 ஆல்பம் உலகத்தைப் பார்த்து நீங்கள் எல்லோரும் முட்டாள்கள் என்கிறது. 2012 ஆல்பம் அதே முட்டாள்களின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து அவர்கள் கதையைக் கேட்கிறது. வங்கிக்காரனைத் தவிர்த்தால் கிட்டத்தட்ட எல்லோரிடமும் அதற்கு இரக்கம் இருக்கிறது.

அந்த வங்கிக்காரன் பாட்டு 2008 நிதி நெருக்கடிக்குப் பிந்தைய பிரிட்டனின் கோபம் அப்படியே இறங்கிய பாட்டு. ஆனால் ஆல்பத்தின் உச்சம் என்று நான் சொல்வது ராணுவ வீரனுடைய பகுதியைத்தான். வூட்டன் பாசெட் என்று இங்கிலாந்தின் வில்ட்ஷையரில் ஒரு சிற்றூர். ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் உடல்கள் பக்கத்திலுள்ள லைனம் விமானப்படைத் தளத்தில் வந்து இறங்கும். அங்கிருந்து சவப்பெட்டிகள் 2007 முதல் 2011 வரை அந்த ஊரின் கடைத்தெரு வழியாகத்தான் போயின. யாரும் உத்தரவு போடாமலே ஊர்மக்கள் தெருவோரம் வந்து நின்றார்கள். எட்டு வயது ஜெரால்ட் வளர்ந்து அப்படி ஒரு பெட்டிக்குள் திரும்பி வந்திருந்தால்? ஆண்டர்சன் அந்த ஊரின் பெயரையே பாட்டுக்கு வைத்துவிட்டார். 1972 ஆல்பத்தில் படைவீரர்கள் உருவகமாக வருவார்கள், இங்கே அவர்களுக்கு முகவரி இருக்கிறது. வயதான ஒருவர் தன் இளமைக்கால வரிகளுக்குப் பொறுப்பேற்கும் இடம் இது. இந்த ஒரு பாட்டுக்காகவே இரண்டாம் பாகம் வந்திருக்கலாம்.

குறைகள் இருக்கின்றன, நிறையவே. முதல் ஆல்பத்தின் பெருமையே அது ஒரே ஓட்டமாக இருப்பது. இரண்டாவதில் பதினேழு தடங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பு இருந்தாலும் அந்த ஓட்டம் கிடைக்கவில்லை. பேச்சாகச் சொல்லும் பகுதிகள் அதிகம், சில இடங்களில் இசை சொல்லியிருக்க வேண்டியதை வார்த்தைகள் சொல்லிவிடுகின்றன. செய்தித்தாளுக்குப் பதிலாக செயின்ட் க்ளீவ் ஊருக்கு ஒரு இணையதளம் என்ற யோசனை காலத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்கும் அந்தச் சுகம் அதில் வராது.

அப்புறம் குரல். 1984 வாக்கில் ஆண்டர்சனின் தொண்டை மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தப் பழைய உயரங்கள் அவருக்கு எட்டவில்லை. பலர் இரண்டாம் பாகத்தை நிராகரிக்க இதையே காரணமாகச் சொல்கிறார்கள். என் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. தனக்கு மிச்சமிருக்கும் சுருதிக்குள் பாட்டுகளை எழுதியிருக்கிறார், கத்தவில்லை, கருவியால் குரலை இழுத்து நீட்டவில்லை. ஐம்பது வயது மனிதனின் கதையைத் தேய்ந்த குரல் சொல்வதில் என்ன தவறு? மேடையில் முதல் ஆல்பத்தை முழுதாக வாசித்துவிட்டு இரண்டாவதையும் வாசித்தார்கள். அந்தப் பயணத்தில் ரையன் ஓ'டானல் என்ற இளம் நடிகரைக் கூட்டிவந்து, இளமையான குரல் தேவைப்படும் வரிகளை அவரிடம் கொடுத்துவிட்டார். மூச்சைப் பிடித்துத் தானே சமாளிக்கப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. தனக்கு நுரையீரல் நோய் இருப்பதை 2020இல் அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அந்த முடிவின் மீது எனக்கு மரியாதை இன்னும் கூடியது. புல்லாங்குழல் வாசிப்பவருக்கு மூச்சுதானே எல்லாம்.

ஒலிப்பதிவிலும் அதே நிதானம் தெரிகிறது. ஹாமண்ட் ஆர்கன், அக்கூஸ்டிக் கிடார், குழு சேர்ந்து வாசிக்கும் உணர்வு என்று 1972இன் கருவிகளையே நம்பியிருக்கிறார்கள். மிக்ஸிங் செய்தவர் ஸ்டீவன் வில்சன். பழைய டல் ஆல்பங்கள் பலவற்றுக்குப் புது மிக்ஸிங் செய்து தந்தவர், அதனால் எதை அதிகம் மெருகேற்றக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் ஆண்டர்சன் எடுத்த பாதை எவ்வளவு கஷ்டமானது என்று புரியும். மைக் ஓல்ட்ஃபீல்ட் 1973இல், பத்தொன்பது வயதில் பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்துப் பதிவு செய்த 'டியூபுலர் பெல்ஸ்' ஒரு அதிசயம். 1992இல் வந்த அதன் இரண்டாம் பாகம் தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன் உதவியோடு பளபளவென்று வந்தது, பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. ஆனால் அது முதல் ஆல்பத்தின் வரைபடத்தையே அடி அடியாகப் பின்பற்றுகிறது. இங்கே மெதுவாக, இங்கே உச்சம், இங்கே கருவிகளை ஒவ்வொன்றாக அறிவிக்கும் குரல். அழகாக இருக்கிறது, ஆனால் பத்தொன்பதுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே அந்த மனிதருக்கு என்ன நடந்தது என்று அதைக் கேட்டு என்னால் அறிய முடியவில்லை. பாடகர் மீட் லோஃபின் 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' விவகாரம் இன்னும் வருத்தமானது. 1977இல் முதல் பாகம், 1993இல் இரண்டாவது, இரண்டும் ஜிம் ஸ்டெய்ன்மன் எழுதியவை. இரண்டாவது பிரமாதமாக வெற்றி பெற்றது, தகுதியும் அதற்கு இருந்தது. 2006இல் மூன்றாவது வருவதற்குள் அந்தத் தலைப்பு யாருக்குச் சொந்தம் என்று இருவரும் வழக்குக்குப் போய்விட்டார்கள். சமரசம் ஆனது, ஸ்டெய்ன்மனின் சில பாட்டுகளும் ஆல்பத்தில் இடம்பெற்றன, ஆனால் அதைக் கட்டி எழுப்பியவர் உள்ளே இல்லை. கேட்டால் தெரிகிறது.

எல்லாவற்றிலும் சிறந்தது எது என்று கேட்டால், தலைப்பில் இரண்டு என்ற எண்ணே இல்லாத ஒன்றைச் சொல்வேன். பாடகர் நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' 1972இல் வந்தது. அதன் புகழே அவருக்குப் பாரமாகி, அந்த மென்மையான பாணியை விட்டு வேண்டுமென்றே விலகிப்போனார். இருபது ஆண்டுகள் கழித்து, காதைப் பிளக்கும் எலக்ட்ரிக் கச்சேரிகளுக்குப் பிறகு காதுக்குள் இரைச்சல் நிற்காமல் போய், அக்கூஸ்டிக் கருவிகளுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது பிறந்தது 'ஹார்வெஸ்ட் மூன்'. முதல் ஆல்பத்தில் வாசித்த பலரையும் திரும்பக் கூப்பிட்டார். பின்னணி பாடிய லிண்டா ரான்ஸ்டட்டும் ஜேம்ஸ் டெய்லரும்கூட வந்தார்கள். 1972இல் அவர் துணை தேடிப் பாடுகிறார், 1992இல் கூட வாழ்ந்தவரிடம் இன்னும் உன்னை நேசிக்கிறேன் என்று பாடுகிறார். அதே ஆள், அதே நண்பர்கள், நடுவில் ஒரு வாழ்க்கை. எந்த இளைஞனாலும் அந்தப் பாட்டை எழுதியிருக்க முடியாது.

நண்பர்கள் என்றதும் எனக்கு 'திக் ஆஸ் எ பிரிக்' இரண்டாம் பாகத்தின் மிகப் பெரிய குறை நினைவுக்கு வருகிறது. அதில் மார்ட்டின் பார் இல்லை. 1968 இறுதியில் குழுவில் சேர்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டர்சனோடு நின்றவர். ஆல்பம் குழுவின் வெறும் பெயரில் வரவில்லை, 'ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன்' என்று போட்டுத்தான் வந்தது. அவ்வளவு நேர்மையாவது இருந்தது. கிடார் வாசித்த ஜெர்மானிய இளைஞர் ஃப்ளோரியன் ஓபாலே மிகத் திறமையானவர், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் ஜெரால்டின் கதையில் பாதியைச் சொன்னது பாரின் கிடார். வாழ்க்கை எப்படியெல்லாம் பிரிந்து போயிருக்கலாம் என்று பேசும் ஒரு ஆல்பத்தில் அவர் இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆண்டர்சன் 2022இலிருந்து மறுபடி ஜெத்ரோ டல் என்ற பெயரிலேயே புதிய ஆல்பங்களைக் கொண்டுவருகிறார். பார் தன் சொந்தக் குழுவோடு அதே பழைய பாட்டுகளை மேடைகளில் வாசிக்கிறார். இருவருக்கும் வயது எழுபதுகளின் இறுதியை எட்டிவிட்டது. ஜெரால்டுக்கு மூன்றாம் பாகமெல்லாம் நான் கேட்கவில்லை. இந்த இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்தால் போதும், அது சுமாராக இருந்தாலும் வெளியாகும் நாளே வாங்கிக் கேட்பேன்.