சுத்திக்கிட்டே இருக்கு மாமா

(இரவு 11:38. லேப்டாப் திரையில் ஒரு குட்டி வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனைவியின் வேலைக்கான விண்ணப்பம் அது. கடைசி நேரம் நள்ளிரவு 12. "எல்லாத்தையும் நிரப்பிட்டேன். போட்டோவையும் சான்றிதழையும் ஏத்தி அனுப்பணும், அவ்வளவுதான். இதையாவது செய்வீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது. அதில் ஒன்றரை மணி நேரத்தை மாப்பிள்ளை மேட்ச் பார்த்துக் கழித்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் மாமனார், ஓய்வு பெற்ற நூலகர், தூக்கம் வராதவர்.)

மாப்பிள்ளை: போ... போயிரு... ப்ளீஸ், போயிரு...

மாமனார்: யாரை வேண்டிக்கிறீங்க மாப்ள?

மாப்பிள்ளை: வேண்டுறதா? சேச்சே. எனக்கும் அதுக்கும் ரொம்ப தூரம் மாமா. கோப்பு ஏறுது, பாத்துக்கிட்டிருக்கேன்.

மாமனார்: நானும் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். ஏழு தடவை 'ப்ளீஸ்' சொல்லிட்டீங்க. லேப்டாப்புக்குக் காது கிடையாது. அப்ப அது யாருக்கு?

மாப்பிள்ளை: அது... சும்மா வாயில வர்றது.

மாமனார்: முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் வருது. அப்புறம், தூரம்னு சொல்லாதீங்க. லைப்ரரியில புத்தகத்தை வகை பிரிக்க டூயி எண்ணுன்னு ஒண்ணு போடுவோம். கம்ப்யூட்டருக்கு 004, மதத்துக்கு 200. ஒரே ஹால்ல நாலு அலமாரி தள்ளித்தான்.

மாப்பிள்ளை: 41 சதவீதம்.

மாமனார்: இந்த வட்டம் எந்தப் பக்கமா சுத்துது?

மாப்பிள்ளை: கடிகார முள்ளு மாதிரி. ஏன்?

மாமனார்: நல்ல சகுனம். திபெத்துக்காரங்க பிரார்த்தனைச் சக்கரத்தை அப்படித்தான் சுத்துவாங்க. உருளைக்குள்ள 'ஓம் மணி பத்மே ஹூம்'னு திரும்பத் திரும்ப எழுதின தாளைச் சுருட்டி வச்சிருப்பாங்க. ஒரு சுத்து சுத்தினா உள்ள எழுதியிருக்கிற அத்தனையையும் வாயால சொன்ன கணக்கு.

மாப்பிள்ளை: கை வலிக்காதா?

மாமனார்: வலிக்கும்னுதான் சில இடத்துல ஓடைத் தண்ணியில சுத்துற மாதிரி மாட்டிட்டாங்க. தண்ணி பாட்டுக்கு ஓடும், சக்கரம் பாட்டுக்குச் சுத்தும். அங்கே கொடி கட்டுறதும் அதே கதைதான். மந்திரத்தைத் துணியில அச்சடிச்சுக் கட்டிட்டா, மிச்சத்தைக் காத்து பாத்துக்கும்.

மாப்பிள்ளை: வேலை தண்ணிக்கு, புண்ணியம் நமக்கு. நம்ம ஆபீஸ் மேனேஜர் அங்கேதான் படிச்சிருக்கணும்.

மாமனார்: அந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினீங்க?

மாப்பிள்ளை: அதை யார் மாமா எண்ணுவா?

மாமனார்: உலகமே எண்ணுது! ஜபமாலையில 108. முஸ்லிம்களோட தஸ்பீஹ் மணியில 33 வீதம் மூணு சுத்து, 99. கிறிஸ்தவங்க ஜெபமாலை ஒரு முறை முடிக்கிறதுக்குள்ள 'அருள் நிறைந்த மரியே' 53 தடவை வந்துரும். நீங்க மட்டும் கணக்கு வழக்கில்லாம அமுக்குறீங்க.

மாப்பிள்ளை: கடவுளுக்கு எண்ணத் தெரியாதாக்கும்?

மாமனார்: அவருக்குத் தெரியும். நம்ம மனசுதான் பத்தாவது தடவையிலயே கேஸை அணைச்சோமான்னு யோசிக்கப் போயிரும். விரல் மணியைப் பிடிச்சிருந்தா மனசு ரொம்ப தூரம் போகாது. மாட்டைக் கட்டிப் போட்ட மாதிரி.

(மாப்பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறார்.)

மாப்பிள்ளை: அணைச்சுத்தான் இருக்கு. ஐயோ, 63-லயே நின்னுருச்சே!

மாமனார்: பதறாதீங்க. எதுக்கு யாரைக் கேக்கணும்னு ஒரு முறை இருக்கு. கத்தோலிக்கரைப் பாருங்க, துறை துறையா பிரிச்சு வச்சிருக்காங்க. பொருள் தொலைஞ்சா அந்தோணியார். கைவிட்ட கேஸுன்னா யூதா ததேயு.

மாப்பிள்ளை: நெட்டு ஸ்லோவா இருந்தா?

மாமனார்: அதுக்கும் ஆள் இருக்காரு! செவில் நகரத்து இசிதோர். இணையத்துக்குப் பாதுகாவலர்னு பலபேர் அவரைத்தான் சொல்றாங்க.

மாப்பிள்ளை: எந்த வருஷத்து ஆளு?

மாமனார்: 636-ல காலமானாரு.

மாப்பிள்ளை: ஆயிரத்து அறுநூத்து முப்பத்தாறா?

மாமனார்: வெறும் அறுநூத்து முப்பத்தாறு.

மாப்பிள்ளை: மாமா! அவருக்கு மின்சாரம்னா என்னன்னே தெரியாதே, வைஃபைக்கு எங்கே போவாரு?

மாமனார்: அந்தக் காலத்துல உலகத்துல தெரிஞ்ச விஷயத்தையெல்லாம் திரட்டி 20 பாகமா ஒரு கலைக்களஞ்சியம் தொகுத்தாரு. எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும், பாதி கேள்விப்பட்டது. இணையம்னா வேறென்ன? ஒரு லைப்ரரியன்கிற முறையில எனக்கு அவர் மேல தனி மரியாதை உண்டு.

(மாமனார் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி, எட்டாக மடித்து, லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகுகிறார்.)

மாப்பிள்ளை: என்ன மாமா பண்றீங்க?

மாமனார்: ஜெருசலேம்ல மேற்குச் சுவர் இருக்கில்ல, வேண்டுதலை எழுதி அந்தக் கல்லிடுக்குல செருகிட்டு வருவாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்தச் சீட்டையெல்லாம் வெளிய எடுத்து ஒலிவ மலையில மரியாதையா புதைச்சிருவாங்க. குப்பையில போட மாட்டாங்க.

மாப்பிள்ளை: அது காத்து போற ஓட்டை மாமா! சூடாகி மொத்தமா அணைஞ்சிரும்! எடுங்க, எடுங்க!

(காதுகுடையும் குச்சியால் இருவரும் சீட்டை எடுக்கிறார்கள். இரண்டு நிமிடம் போகிறது. வேண்டுதல் வெளியே வருகிறது, பாதி கிழிந்து.)

மாப்பிள்ளை: (படிக்கிறார்) 'போன வாரம் ஸ்கேன் பண்ணின என் போட்டோவை மாப்பிள்ளை சீக்கிரம் பிரிண்ட் எடுத்துத் தரணும்.' மாமா! இங்கே உங்க பொண்ணோட எதிர்காலம் தொங்குது!

மாமனார்: அதுக்கு நீங்க வேண்டுறீங்கல்ல? எனக்கு யார் இருக்கா?

மாப்பிள்ளை: 11:46. இன்னும் 63-தான். சரி, சிக்னல் எந்தப் பக்கம் நல்லா கிடைக்கும்? ஜன்னலைப் பாத்துத் திருப்பவா?

மாமனார்: பாத்தீங்களா, திசைக்கு வந்துட்டீங்க. 2007-ல மலேசியாக்காரர் ஒருத்தர் விண்வெளி நிலையத்துக்குப் போனாரு, ஷேக் முஸாஃபர் ஷுகோர்னு. ரமலான் மாசம் வேற. மக்காவைப் பாத்துத் தொழணும். ஆனா நிலையமே 90 நிமிஷத்துக்கு ஒரு தரம் பூமியைச் சுத்துதே, தொழுது முடிக்கிறதுக்குள்ள மக்கா எங்கேயோ போயிருக்கும்.

மாப்பிள்ளை: ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம்னு சொல்லுவாங்களே. அப்ப ஐவேளைத் தொழுகை எத்தனை ஆகும்?

மாமனார்: நீங்க கேட்டதை அவங்களும் கேட்டிருக்காங்க. அறிஞர்கள் உக்காந்து ஒரு கையேடே தயார் பண்ணிட்டாங்க. நேரத்துக்கு ராக்கெட் கிளம்பின ஊர் கணக்கு. திசைக்கு, முடிஞ்சா மக்காவுல இருக்கிற கஅபா. முடியலைன்னா அதுக்கு நேர் மேல வர்ற இடம். அதுவும் முடியலைன்னா பூமி. எதுவுமே ஆகலைன்னா, எந்தப் பக்கமானாலும் சரி.

மாப்பிள்ளை: நல்ல மனுஷங்க. இந்த விண்ணப்பத்தைத் தயார் பண்ணின ஆளுக்கு இதுல கால்வாசி இரக்கம் இருந்திருந்தா, கோப்பு 2 எம்பிக்கு மேல போகக் கூடாதுன்னு அரை மணி நேரம் அலைய விட்டிருப்பானா?

மாமனார்: ஜப்பான் முறை ஒண்ணு மிச்சம் இருக்கு. கோயில்ல ரெண்டு தடவை குனிஞ்சு கும்பிடணும், ரெண்டு தடவை கை தட்டணும், மறுபடி ஒரு தடவை குனியணும்.

(மாப்பிள்ளை தடுப்பதற்குள் 'பட், பட்' என்று தட்டிவிடுகிறார். உள்ளறையில் கட்டில் கிரீச்சிடுகிறது.)

உள்ளிருந்து குரல்: என்ன சத்தம் அங்கே? அனுப்பியாச்சா?

மாப்பிள்ளை: கொசும்மா! நீ தூங்கு!

(இருவரும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.)

மாமனார்: (கிசுகிசுப்பாக) இதுக்குப் பேர் குவேக்கர் முறை. குவேக்கர்னா கிறிஸ்தவங்கள்ல ஒரு பிரிவு. அவங்க பழைய வழக்கத்துல பூசாரி கிடையாது, பாட்டு கிடையாது. எல்லாரும் ஒண்ணா மௌனமா உக்காந்திருப்பாங்க. உள்ள இருந்து ஏதாவது உந்தினா மட்டும் எழுந்து பேசுவாங்க.

மாப்பிள்ளை: உள்ள இருந்து அவ வந்தா நமக்குப் பேச்சே வராது.

மாமனார்: யூதர்கள்ல பாரம்பரிய வழக்கப்படி சில பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் கூடணும். நாம ரெண்டு பேர். எட்டு குறையுது.

மாப்பிள்ளை: அவளைக் கூப்பிட்டா மூணு. ஆனா அப்புறம் ரெண்டுதான் மிஞ்சும். மாமா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது. இதெல்லாம் வேலை செய்யுமா? கால்ட்டன்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1872-லயே கணக்குப் போட்டாரு. ராஜா நல்லா இருக்கணும்னு ஊரே தேவாலயத்துல வேண்டுது. அப்ப ராஜ குடும்பத்துக்காரங்கதானே ரொம்ப நாள் வாழணும்? பாத்தா, வசதியானவங்கள்ல அவங்களுக்குத்தான் ஆயுசு கம்மி.

மாமனார்: மருந்து குறையில்ல மாப்ள, நோயாளி குறை. ராஜா சாப்பிட்டது அப்படி.

மாப்பிள்ளை: சரி, அதை விடுங்க. 2006-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு. பைபாஸ் செஞ்சுக்கிட்ட 1,802 பேர். 'உங்களுக்காகக் கண்டிப்பா வேண்டுறாங்க'ன்னு ஒரு கூட்டத்துக்கிட்ட சொல்லிட்டாங்க. மத்தவங்ககிட்ட 'வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்'னு சொன்னாங்க. அப்படிச் சொன்னவங்கள்ல, வேண்டினவங்களுக்கும் வேண்டாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஆனா கண்டிப்பா வேண்டுறாங்கன்னு தெரிஞ்ச கூட்டத்துல 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்துச்சு. தெரியாதவங்களுக்கு 52-தான்.

மாமனார்: இருக்காதா பின்னே? ஊரே சேந்து வேண்டுதுன்னா, நம்ம நிலைமை அவ்வளவு மோசமான்னு ஆளு பயந்திருப்பான். இதுல இருந்து என்ன தெரியுது?

மாப்பிள்ளை: வேண்டுறதுல பலன் இல்லைன்னு.

மாமனார்: இல்ல. வேண்டுறது அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு. இந்த லேப்டாப்புக்கு முன்னாடி உக்காந்து நாம இப்படிப் புலம்பினா அது நடுங்கத்தான் செய்யும். வாங்க, அந்தப் பக்கமா திரும்பி உக்காருவோம்.

(இருவரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்காருகிறார்கள்.)

மாப்பிள்ளை: தினமும் காலையில அரை மணி நேரம் கண்ணை மூடி உக்காந்திருக்கீங்களே, அப்படி என்ன மாமா கேப்பீங்க?

மாமனார்: முன்னாடி நிறைய கேட்டேன். ஜைனர்களோட நமோகார மந்திரத்தைப் படிச்சப்ப வெக்கமா போயிருச்சு. அதுல ஒருத்தர் பேரும் கிடையாது, ஒண்ணும் கேக்கவும் மாட்டாங்க. பெரியவங்களுக்கெல்லாம் வணக்கம்னு சொல்றதோட சரி. சீக்கியங்க அர்தாஸ்ங்கிற பிரார்த்தனையில கேப்பாங்க, ஆனா முடிக்கிறப்ப 'எல்லாரும் நல்லா இருக்கணும்'னுதான் முடிப்பாங்க. அதுல இருந்து நானும் பட்டியலைக் குறைச்சுட்டேன். இப்ப ரெண்டே ரெண்டு வேண்டுதல்.

மாப்பிள்ளை: என்னென்ன?

மாமனார்: என் பொண்ணு நல்லா இருக்கணும். என் மாப்பிள்ளைக்குப் பொறுப்பு வரணும்.

மாப்பிள்ளை: எத்தனை வருஷமா?

மாமனார்: எட்டு. முதல் வேண்டுதல் பலிச்சிருச்சு.

('டிங்' என்று ஒரு சத்தம். இருவரும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள்.)

மாப்பிள்ளை: மாமா! 100 சதவீதம்! 'வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது'! மணி 11:56! கடவுளே, அப்பாடா!

மாமனார்: யாரே?

மாப்பிள்ளை: சும்மா வாயில வந்தது மாமா.

மாமனார்: சரி சரி. எல்லாம் ஒழுங்கா இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க.

மாப்பிள்ளை: பேர் சரி. பிறந்த தேதி சரி. படிப்பு சரி. போட்டோ...

மாமனார்: ஏன் நிறுத்திட்டீங்க?

மாப்பிள்ளை: மாமா, டெஸ்க்டாப்புல 'புது போட்டோ'ன்னு ஒண்ணுதான் இருந்துச்சு. அவசரத்துல திறந்து பாக்காம ஏத்திட்டேன்.

மாமனார்: (மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை நெருங்குகிறார்) அட, நல்லாத்தானே வந்திருக்கேன்.

மாப்பிள்ளை: 'பெயர்' இடத்துல உங்க பொண்ணு. 'பாலினம்' இடத்துல பெண். போட்டோவுல நீங்க, மீசையோட!

மாமனார்: மாத்த முடியாதா?

மாப்பிள்ளை: முடியும். 12 மணி வரைக்கும். இருங்க, அவ போட்டோ இந்த மெயில்ல... கிடைச்சிருச்சு... அமுக்கிட்டேன்.

(குட்டி வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பிக்கிறது. 3 சதவீதம். 4 சதவீதம். மணி 11:58. மாமனார் எழுந்து, இரண்டு காதையும் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்குகிறார். முட்டி மளுக்கென்கிறது. மாப்பிள்ளை திரையைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், உள்ளறைக் கதவைப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா, எனக்கும் இடம் வேணும். இடது கை மேலயா, வலது கை மேலயா?

மாமனார்: அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். எண்ணுங்க மாப்ள, எண்ணுங்க!