வெட்டாத கத்திக்கு எதுக்குங்க இத்தனை பவுசு

நாலு மணி டீ டைம்ல எங்க மெஷின் ஷாப்புல யாரோ கிளிமூக்கு மாங்கா ரெண்டு வாங்கிட்டு வந்திருந்தாங்க. உப்பு, மொளகாப்பொடி எல்லாம் பேப்பர்ல ரெடி. நானும் இந்த மாதிரி ஒரு நேரத்துக்குத்தான் ஒரு வாரமா காத்துட்டு இருந்தேன்னு வெச்சுக்கங்களேன், பாக்கெட்டுல இருந்து புது மடக்குக் கத்திய எடுத்து ஒரு விரல்ல தட்டுனேன், "டிக்"னு தொறந்து நின்னுச்சு. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.

மாங்காயில வெச்சு அழுத்துனேன் பாருங்க, அரை இஞ்சு உள்ள போயி நின்னுருச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்துனதும் "டப்"னு மாங்கா ரெண்டா பொளந்து ஒரு பாதி லேத்துக்கு அடியில ஓடி கூலன்ட்ல உழுந்துருச்சு. வெட்டலைங்க அது, பொளந்துச்சு, வெறகுக்கு கோடாலி போடுற மாதிரி. லேத் ஓட்டுற அண்ணன் ஒரு வார்த்தை பேசல. டூல் பாக்ஸ தொறந்து அவரு கத்திய எடுத்தாரு. ஒடஞ்சு போன ஹேக்ஸா பிளேடுங்க அது, பல்ல கிரைண்டர்ல தேச்சு எடுத்துட்டு ஒரு பக்கம் கூர் வெச்சு, புடிக்கிற பக்கம் சைக்கிள் ட்யூப சுத்தி அதுக்கு மேல கருப்பு டேப் ஒட்டுனது. மீதி மாங்காய அதுல பத்தை பத்தையா, கண்ணாடி மாதிரி சீவி வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

என் கத்தி 6,800 ரூவா. வீட்டுல 1,800ன்னு சொல்லியிருக்கேன், தயவு செஞ்சு யாரும் போட்டுக் குடுக்காதீங்க.

கம்பெனி பேர சொல்ல மாட்டேன், ஏன்னா தப்பு அவன் மேல மட்டும் இல்ல, அதத்தான் சொல்ல வரேன். இத வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் வீடியோ பாத்தேன், ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும். அதுல என்னைய கவுத்துனது ஒரு வார்த்தை, டி2 ஸ்டீல். டூல் ரூம்ல வேலை பாக்கறவங்களுக்குத் தெரியும், நாங்க எச்.சி.எச்.சி.ஆர்.னு (ஹை கார்பன் ஹை குரோமியம்) சொல்றது அதுதான். பிரஸ் டூலுக்கு பஞ்சும் டையும், அதாவது தகட்ட வெட்டுற மேலச்சும் கீழச்சும், அதுல தான் போடுவோம். கார்பன் ஒண்ணரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் பக்கம், ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது சூடு பண்ணிப் பதம் ஏத்தறது, ஒழுங்கா பண்ணுனா ஆயிரக்கணக்குல தகடு அடிச்சாலும் எட்ஜ் நிக்கும். தகடையே வெட்டுற இரும்பு, மாங்காய வெட்டாதான்னு நெனச்சேன். என்னைய மாதிரி இரும்புக்கு நடுவுல இருக்கறவனே இப்படி நெனச்சா மத்தவங்கள என்ன சொல்ல.

அடுத்த நாள் கடுப்புல அத தெரிஞ்ச ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்புக்கு எடுத்துட்டுப் போயி, இரும்போட கெட்டித்தனத்த (ஹார்ட்னஸ்) அளக்கற ராக்வெல் மெஷின்ல வெச்சுப் பாத்தேன். டூப்ளிகேட்டா இருக்கும், பொட்டியில 60ன்னு போட்டுட்டு 52தான் இருக்கும்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆசை கூட, அப்படி இருந்தா திட்டுறதுக்கு ஒரு ஆள் கெடச்ச மாதிரி ஆயிரும்ல. மூணு எடத்துல வெச்சோம். 60, 59, 60. கத்தியில மூணு புள்ளி விழுந்தது தான் மிச்சம், அம்மைத் தழும்பு மாதிரி இன்னமும் இருக்கு. அவன் சொன்னது அத்தனையும் உண்மைங்க. ஸ்டீல் உண்மை, ஹார்ட்னஸ் உண்மை, லாக் கெட்டி, பேரிங் ஸ்மூத். வெட்ட மட்டும் வெட்டாது.

அப்பறம் தான் தடிமன் அளக்கற வெர்னியர எடுத்தேன். மொதல்லயே எடுத்திருக்கணும், தொழில் அதுதான. முதுகுப் பக்கம் 4 மில்லி. சரி, அத விடுங்க, கூர் முடியற எடத்துக்கு சித்த மேல, அதாவது சாணை புடிச்ச சரிவு தொடங்குற எடம், அங்க 0.9 மில்லி. அண்ணனோட ஹேக்ஸா கத்தி மொத்தமே 0.65 மில்லி தான். வீட்டுல பொண்டாட்டி தக்காளி நறுக்குற பிளாஸ்டிக் புடி போட்ட கத்தி, சந்தைக்கடையில வாங்குனது, முதுகே ஒரு மில்லி தான் வந்துச்சு. எல்லா வெவகாரமும் இதுல தான் இருக்கு. கூர் செய்யற வேலை மேல்தோல கிழிக்கிறது வரைக்கும் தாங்க, அதுக்கப்பறம் பின்னாடி வர்ற இரும்பு சதைய ரெண்டு பக்கமும் தள்ளிட்டுத்தான் உள்ள போயாகணும். பழுத்த மாம்பழம்னா ஒதுங்கிக்கும். மாங்கா, கேரட்டு, ஆப்பிள் எல்லாம் ஒதுங்காது, அதுங்களுக்குத் தெரிஞ்சது விரிசல் விடறது ஒண்ணு தான். ஆப்பு வெச்சு பாறைய ஒடைக்கிறோம்ல, அந்தக் கணக்கு. எவ்வளவு ஒசந்த ஸ்டீலா இருந்தாலும் ஆப்பு ஆப்பு தான்.

இப்ப அந்த வீடியோவெல்லாம் திரும்ப ஓட்டிப் பாருங்க. எல்லாரும் என்ன வெட்டுறாங்க? ஏ4 பேப்பரு. பேப்பருக்கு ஏதுங்க சதை, அது ஒதுங்கறதுக்கு? 4 மில்லி என்ன, 10 மில்லி முதுகு இருந்தாலும் கூர் நல்லா இருந்தா பேப்பர் சர்ருனு கிழியும். இல்லைன்னா கையில முடிய மழிச்சுக் காட்டுவான். அதுவும் அதே கதை. ஒருத்தனாவது ஒரு கேரட்ட எடுத்து நறுக்கிக் காட்டுனானா? மீதி பத்து நிமிஷமும் தொறக்கறது மூடறது, தொறக்கறது மூடறது, அந்த சத்தத்த மைக் பக்கத்துல வெச்சு. நானும் அதத்தான் வாயப் பொளந்துட்டுப் பாத்தேன். வந்த மொத வாரம் பூரா நானும் அதத்தான செஞ்சேன், டிவி பாத்துட்டே டிக் டிக்குனு, அம்மா வந்து "சும்மா கத்திய ஆட்டாத, வீட்டுல சண்டை வரும்"னு திட்டுற வரைக்கும். (எங்க வீட்டுல கத்திய கைக்குக் கையே குடுக்க மாட்டாங்க, கீழ வெச்சு எடுத்துக்கணும், இல்லைன்னா ரெண்டு பேருக்கும் சண்டை வருமாம்.)

ஒத்தக் கையில தொறக்கறது பெரிய விஷயமே கெடையாதுன்னு நான் சொல்ல வரல. 1981ல ஸ்பைடர்கோன்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி பிளேடுல வட்டமா ஒரு ஓட்டை போட்டு, பாக்கெட்டுல மாட்டறதுக்கு கிளிப்பும் வெச்சு ஒரு கத்தி விட்டான், ஒரு கையில கயிறப் புடிச்சுட்டு இன்னொரு கையில தொறக்கணும்னா அது எவ்வளவு பெரிய உபகாரம். ஆனா அந்த வழியில வந்தவங்க நெறைய பேரு தொறக்கறதையே வேலையாக்கிட்டாங்க, வெட்டறது உபதொழில் ஆயிருச்சு.

இதுல நம்ம பங்கும் இருக்கு. ஏன் இத்தனை தடிமன்னு யோசிச்சா, நாம கத்திய கத்தியா எங்க பயன்படுத்தறோம்? பெயின்ட் டப்பா மூடிய நெம்பறது, ஸ்க்ரூ திருப்பறது, ஆணி புடுங்கறது. மெலிசா செஞ்சா முனை ஒடஞ்சுரும், ஒடஞ்சா வாரன்டின்னு தூக்கிட்டு வருவோம். அதனால அவன் கடப்பாரையையே மடக்கி பாக்கெட்டுல போட்டுக் குடுத்துட்டான்.

பழைய ஆளுங்க இந்த வெவகாரத்துல தெளிவா இருந்தாங்க. ஸ்விஸ் ராணுவக் கத்தின்னு நாம சொல்றது, விக்டரிநாக்ஸோட ஆபீசர் கத்தி, 1897ல பதிவு பண்ணுன டிசைன். இன்னைக்கும் அதோட ஹார்ட்னஸ் 56 பக்கம் தான். வீடியோக்காரங்க கணக்குப்படி பாத்தா அது வெண்ணெய். ஆனா பிளேடு ரெண்டு மில்லி சுமாருக்குத்தான் இருக்கும், மழுங்குனா எந்தக் கல்லுல தேச்சாலும் அஞ்சு நிமிஷத்துல திரும்ப வந்துரும். பிரான்ஸ்ல சவோய் மலைப் பக்கம் 1890ல ஜோசப் ஒப்பினெல் ஆரம்பிச்ச மரப்புடி கத்தி இன்னொண்ணு, அதுவும் தகடு மாதிரி மெலிசு, ஆப்பிள்ல போறது அவ்வளவு சொகமா இருக்கும். அதுலயும் கொறை இருக்கு, இல்லாம இல்ல. ஈரம் பட்டா மரம் ஊதி பிளேடு உள்ளயே இறுகிக்கும், அந்த ஊர்க்காரங்க புடியோட பின்பக்கத்த மேசையில ஒரு தட்டு தட்டி தொறப்பாங்களாம். கார்பன் ஸ்டீல் வாங்குனா எலுமிச்சம்பழம் அறுத்துட்டு தொடைக்காம வெச்சீங்கன்னா கருத்துரும். ஆனா இந்தக் கொறையெல்லாம் வாங்கறப்பவே தெரிஞ்ச கொறைங்க.

என்னோடதுக்கு இன்னொரு சீக்கும் உண்டு, துரு. சட்டைப் பாக்கெட்டுல, ஏப்ரல் மாச வேர்வையில, பத்தே நாள்ல ஊசி முனை அளவுக்கு செவப்புப் புள்ளிங்க. 12 சதவீதம் குரோமியம் இருக்கே, எப்படின்னு கேக்கலாம். குரோமியம் இருக்குதுங்க, ஆனா அதுல பாதி பக்கம் கார்பனோட சேந்து கார்பைடா கட்டியாயிருது, துருவ தடுக்கறதுக்கு வெளிய சுத்திட்டு இருக்கறது மீதி தான், அது பத்தாது. ஷாப்புல டைக்கு நாம எண்ணெய் தடவாம ஒரு நாளாவது வெச்சிருப்பமா? அது தெரிஞ்சும், கத்தின்னு வந்ததும் மறந்து போச்சு பாருங்க.

கூட்டாளி ஒருத்தன் கதை இன்னும் மோசம். அவன் டி2வெல்லாம் பழசுடான்னு சொல்லி வனேடியம்ங்கற உலோகம் நெறைய போட்ட பவுடர் ஸ்டீல் (தூளாக்கி அழுத்திச் செய்யறது) கத்தி வாங்குனான், வெல என்னோடத மாதிரி மூணு மடங்கு. ஆறு மாசத்துக்குக் கூர் போகாதுன்னு பெருமை. நெஜமாவே ஆறு மாசம் நின்னுச்சு, ஏழாவது மாசம் மழுங்குனப்பறம் தான் தெரிஞ்சுது, அந்த வனேடியம் கார்பைடு சாதா சாணைக்கல்ல விட கெட்டி. சைக்கிள்ல வர்ற சாணைக்காரரு ரெண்டு சுத்து வெச்சுட்டு "இது கல்லத் திங்குதுங் தம்பி, கத்தி தேய மாட்டேங்குது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. வைரத்தூள் ஒட்டுன தகடு வேணும் அதுக்கு. அதுக்குத் தனியா ஒரு ரெண்டாயிரம்.

ஒரேயொரு கத்தியத்தான் நான் முழுசா ஏமாந்து வாங்குனது, அது டமாஸ்கஸ்னு போட்டு வந்தது, அலை அலையா டிசைன். எமெரி ஷீட் எடுத்து நாலு தேய் தேச்சேன், வாசல்ல மழை பெஞ்ச கோலம் மாதிரி காணாமப் போச்சு. நெஜமா ரெண்டு ஸ்டீல சேத்து அடிச்சதா இருந்தா தேச்சாலும் திரும்ப ஆசிட்ல நனைச்சா டிசைன் மேல வரும், இது வரல, லேசர்ல வரஞ்ச படம். இதுல கொடுமை என்னன்னா, அந்தக் காலத்து டமாஸ்கஸ் வாளுக்கு இரும்பு போனது நம்ம தெக்குப் பக்கத்துல இருந்து. சென்னிமலைக்குப் பக்கத்துல, நொய்யலாத்தங்கரையில கொடுமணல்ல உருக்கு காச்சுன உலையவே தோண்டி எடுத்திருக்காங்க. அந்த ஊருக்கு ஒரு மணி நேரத் தொலைவுல உக்காந்துட்டு நான் ஸ்டிக்கர் டமாஸ்கஸ் வாங்குனேன். அதையும் கடைசியில ஏர்போர்ட்டுல கைப்பையில மறந்து வெச்சு, அங்க டப்பாவுல போட்டுட்டு வந்துட்டேன். செக்கிங்ல இருந்த அம்மா "பரவால்லைங்களா சார்"னு கேட்டாங்க. ரொம்ப சந்தோசமுங்கன்னேன்.

சரி, 6,800க்கு வாரேன். போன ஞாயித்துக்கெழம ஷாப்புல ஆள் இல்லாத நேரமாப் பாத்து பிளேட கழட்டி பெல்ட் கிரைண்டர்ல வெச்சேன். வாரன்டி அத்தோட போச்சு. ஒவ்வொரு தேய்ப்புக்கும் வெறும் விரல்ல தொட்டுப் பாத்து, சூடு ஏறுதுன்னா பக்கெட் தண்ணியில முக்கி, திரும்ப தேச்சு, ரெண்டு மணி நேரம். நீலம் பாஞ்சா கூர்ல இருக்கற பதம் எறங்கிருமே, அந்தப் பயம். 0.9ல இருந்த எடத்த 0.4க்குக் கொண்டாந்தேன். மேல இருந்த கருப்புக் கோட்டிங் போயி, தேமல் வந்த மாதிரி ஆயிருச்சு, மூணு அம்மைத் தழும்பு வேற. வித்தா ஐந்நூறு ரூவா பெறாது.

மறுநாள் டீ டைம்ல கொய்யாக்கா. செங்காயாப் பாத்து எடுத்து வெச்சு அறுத்தேன். சத்தமே இல்லாம எறங்குச்சுங்க, கொட்டையோட சேத்து. யாரும் திரும்பிக் கூட பாக்கல. அண்ணன் மட்டும் கைய நீட்டுனாரு, நான் பெஞ்சு மேல வெச்சேன், எடுத்து ரெண்டு துண்டு போட்டுப் பாத்தாரு, பெருவிரல்ல கூர தடவிப் பாத்தாரு.

"இப்ப பரவால்ல. கனம் தான் சாஸ்தி"ன்னுட்டு, திருப்பி பெஞ்சு மேலயே வெச்சாரு.