க்ளைமாக்ஸ் மட்டும் தனி ஜெராக்ஸ்

இடம்: சாலிகிராமத்தில் ஒரு ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் கடை.
ஆட்கள்: தணிகாசலம், கடைக்காரர், கல்லாவுக்குக் கீழே பணத்தைவிட காமிக்ஸ் அதிகம் வைத்திருப்பவர். கௌதம், உதவி இயக்குநர்.

கௌதம்: அண்ணே, நாலு காப்பி, ஸ்பைரல். கடைசிப் பன்னெண்டு பக்கத்தை மட்டும் சேர்க்காதீங்க. தனியா பின் அடிச்சுக் குடுங்க.

தணிகாசலம்: ஏன், அது பின்னிணைப்பா?

கௌதம்: க்ளைமாக்ஸ்ணே. தினம் மாறுது. ஒவ்வொரு தடவையும் ஸ்பைரலைப் பிரிச்சு மாட்ட முடியல.

தணிகாசலம்: (புரட்டியபடி) தம்பி, இது அந்த ராயபுரம் கிராஃபிக் நாவல்தானே? ஹெல்மெட்டைக் கழட்டாமலே ஒருத்தன் சாவான், மீன் விக்கிற பொண்ணு அதை எடுத்து மாட்டிக்கும்...

கௌதம்: அதேதான். படத்துல சாகமாட்டான். ஹெல்மெட்டையும் அஞ்சாவது சீன்லயே கழட்டிடுறான்.

தணிகாசலம்: அப்ப அந்தப் பொண்ணு?

கௌதம்: ஹீரோவுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வருது.

தணிகாசலம்: ஒருத்தன் ராப்பகலா உக்காந்து நூத்தி நாப்பது பக்கம் வரைஞ்சது ஒரு டிஃபன் கேரியருக்கா?

கௌதம்: ப்ரொட்யூசர் கேக்குறதும் நியாயமாத்தானே இருக்கு? "நான் சம்பளம் குடுத்தது முகத்துக்கு, ஹெல்மெட்டுக்கு இல்ல"ன்றார்.

தணிகாசலம்: 'வி ஃபார் வெண்டெட்டா' பார்த்திருக்கியா? 2006-ல தியேட்டருக்கு வந்தது. படம் முழுக்க ஹீரோ முகமூடியைக் கழட்ட மாட்டான். முதல்ல நடிச்சவர் ஜேம்ஸ் ப்யூர்ஃபாய். ஷூட்டிங் தொடங்கிச் சில வாரத்துல கிளம்பிட்டார். ஹ்யூகோ வீவிங் வந்தார். பழையவர் நடிச்ச சில ஷாட்டை அப்படியே வெச்சுக்கிட்டு இவர் குரலைப் போட்டுட்டாங்க. பார்த்தவனுக்கு ஒண்ணும் தெரியல.

கௌதம்: அண்ணே, மெதுவா. இது ப்ரொட்யூசர் காதுல விழுந்தா ஹீரோவை டப்பிங்குக்கு மட்டும் கூப்பிடுவார்.

தணிகாசலம்: ஆனா அந்தப் படத்துலயும் முடிவைத் தொட்டுட்டாங்க. ஆலன் மூர் எழுதி டேவிட் லாய்ட் வரைஞ்ச காமிக்ஸ்ல பார்லிமென்ட் கட்டடம் ஆரம்பத்துலயே வெடிச்சிடும். படத்துல அதைக் கடைசிக்குத் தள்ளிட்டு, ஆரம்பத்துக்கு ஓல்ட் பெய்லி கோர்ட்டை வெடிக்க வெச்சாங்க.

கௌதம்: சரிதானேண்ணே? பெரிய கட்டடம் கடைசியிலதான் வெடிக்கணும். முதல் ரீல்லயே பார்லிமென்ட் போச்சுன்னா க்ளைமாக்ஸ்ல எதை வெடிக்கிறது, மாநகராட்சி ரிப்பன் மாளிகையையா?

தணிகாசலம்: அதோட நின்னா பரவாயில்ல. அந்த முகமூடி ஹீரோ பேர் வி. காமிக்ஸ்ல அவனைச் சுடுறவன் ஃபின்ச்ன்ற போலீஸ்காரன். வி செத்ததும் அவன்கூட இருக்கிற பொண்ணு ஈவி முகமூடியைத் தூக்கி முகத்தைப் பார்க்கிறதில்ல. தானே அதை மாட்டிக்கிட்டு மாடியில வந்து ஜனங்ககிட்ட பேசுறா. காமிக்ஸோட கடைசிக் கட்டத்துல ஃபின்ச் இருட்டு ரோட்ல தனியா நடந்து போறான். நாளைக்கு ஊர் உருப்படுமா, நாசமாப் போகுமான்னு எழுதினவர் சொல்லவே இல்ல. சினிமாவுல என்ன பண்ணாங்க? முகமூடியை வீட்டு வீட்டுக்குப் பார்சல்ல அனுப்பி, ஊரே அதைப் போட்டுட்டு வந்து வாணவேடிக்கை பார்க்குது. ஒரு கையில இருந்து இன்னொரு கைக்குப் போக வேண்டியது கூரியர்ல போச்சு.

கௌதம்: ஆலன் மூர் சும்மாவா இருந்தார்?

தணிகாசலம்: டைட்டில்ல தன் பேரே வேணாம்னுட்டார். படத்துல டேவிட் லாய்ட் பேர் மட்டும்தான் வரும். அவர் எழுதின 'வாட்ச்மென்' படமானப்பவும் அதே கதை, வரைஞ்ச டேவ் கிப்பன்ஸ் பேர் மட்டும்தான்.

கௌதம்: எங்க எழுத்தாளரும் பேர் வேணாம்னார். பேமென்ட்டும் வேணாம்னார்னு ப்ரொட்யூசர் புரிஞ்சுக்கிட்டார்.

(தணிகாசலம் மெஷினை நிறுத்துகிறார்.)

தணிகாசலம்: வாட்ச்மென்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. நீ எந்தக் கட்சி? கடம்பாவா, குண்டா?

கௌதம்: கடம்பாவா? காசிமேட்டுல விக்கிற கணவாய் மீனா?

தணிகாசலம்: அதேதான், ஆனா கட்டடம் உசரத்துக்கு, ஒத்தைக் கண்ணோட. 1986, 87-ல பன்னெண்டு இதழா வந்த கதை. வில்லன் ஏட்ரியன் வைட் ஒரு ராட்சசப் பிராணியைச் செஞ்சு நியூயார்க் நடுவுல இறக்குவான். வேற்றுக்கிரகத்துல இருந்து தாக்குறாங்கன்னு நம்பி அமெரிக்காவும் ரஷ்யாவும் சண்டையை விட்டுடும். 2009-ல படம் வந்தப்போ கடம்பா அவுட். டாக்டர் மன்ஹாட்டன்ற அதிசக்தி ஹீரோவோட சக்தியைக் காப்பியடிச்சுப் பல பெரிய நகரங்கள்ல வெடிக்க வெச்சு, பழியை அவர் மேல போட்டுட்டாங்க.

கௌதம்: கிராஃபிக்ஸ் செலவுக்குப் பயந்திருப்பாங்க.

தணிகாசலம்: எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. நகரம் நகரமா வெடிக்க வைக்கிறது மட்டும் ஓசியா? செலவு கடம்பாவுல இல்ல தம்பி, அதுக்குக் குடுக்க வேண்டிய லீட்ல இருக்கு, அதாவது முன்னாடியே சொல்லி வைக்க வேண்டியதுல. பேனாவை எடு. கடைசிப் பக்கத்துல இருந்து பின்னாடி வா. அந்தப் பிராணி வந்து விழுந்தா ஜனங்க சிரிக்கக் கூடாது. அதுக்கு என்னென்ன முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்?

கௌதம்: யார் செஞ்சாங்கன்னு தெரியணும்.

தணிகாசலம்: ஓவியர்களும் விஞ்ஞானிகளும். அதனால முன்னாடியே ஆளுங்க காணாமப் போகணும். அதுல ஒருத்தர் கடற்கொள்ளையர் காமிக்ஸ் எழுதினவர். அப்ப அந்த காமிக்ஸ் கதையும் உள்ள வரணும். அவங்களை வெச்சிருந்த தீவைக் காட்டணும். வேலை முடிஞ்சதும் அவங்க போற கப்பல் வெடிக்கணும். பிராணிக்கு மூளை எங்க இருந்து வந்துச்சு? மனோசக்தி இருந்த ஒருத்தரோட மூளையை எடுத்துப் பெருசாக்கினது. அதையும் சொல்லணும். ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு மாயமா அனுப்புற தொழில்நுட்பம் இருக்கு, உயிருள்ளதை அனுப்பினா அது செத்துடும், அந்தச் சாவுதான் ஊரைக் கொல்லுதுன்னும் சொல்லணும். முதல் பக்கத்துல மாடியில இருந்து விழுந்து சாகுறானே 'காமெடியன்'னு பேர் வெச்ச ஹீரோ, அவன் செத்ததே அந்தத் தீவைப் பார்த்ததாலதான். இது எல்லாத்துக்கும் எத்தனை நிமிஷம் ஆகும்?

கௌதம்: சுருக்கிச் சொன்னாலும் அரை மணி நேரம்.

தணிகாசலம்: தியேட்டர்ல வந்த படமே 162 நிமிஷம். இப்ப மாத்தின முடிவுக்குக் கணக்குப் போடு. மன்ஹாட்டன் முதல்ல இருந்தே திரையில நிக்கிறார். வைட்டோட சேர்ந்து எரிசக்தி ஆராய்ச்சி பண்றார். கூடுதல் லீட் கிட்டத்தட்ட பூஜ்யம். முடிவு கடைசிப் பக்கத்துலயா மாறுச்சு? நடுவுல என்னைக்கு அந்தத் தீவை வெட்டினாங்களோ அன்னைக்கே மாறிடுச்சு.

கௌதம்: அப்ப படத்து முடிவுதான் புத்திசாலித்தனம்!

தணிகாசலம்: ஓட்டை இருக்கு. கடம்பா வெளியாள், அதைப் பார்த்து எதிரிங்க ஒண்ணா சேருவாங்க. மன்ஹாட்டன் அமெரிக்காவோட ஆயுதம். உங்க ஆயுதம் எங்க ஊரை அடிச்சா நாங்க எதுக்கு உங்களைக் கட்டிப் பிடிக்கணும்னு மாஸ்கோ கேக்காதா? நியூயார்க்கும் சேர்ந்துதான் அடிவாங்குச்சுன்னு ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கு அது ஒட்டல.

கௌதம்: எனக்கு ஒட்டுது. ஏன்னா எடுத்து முடிக்க முடியுது.

தணிகாசலம்: அசிஸ்டென்ட் டைரக்டர் பேச்சு! ஒண்ணு கவனி. காமிக்ஸ்ல பக்கத்துக்கு ஒன்பது கட்டம், பெரும்பாலும் அதே கணக்கு. பன்னெண்டாவது இதழைத் திறந்தா முதல் ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒரே படம், முழுக்கப் பிணம். அதுல பேப்பர் கடைக்காரரும் அங்க ஓசியில காமிக்ஸ் படிக்கிற பையனும் கிடப்பாங்க. பல இதழா அவங்க வாய்ச்சண்டையைக் கேட்டுப் பழகியிருப்போம். தியேட்டர் பதிப்புல அவங்களுக்குப் பெருசா இடமில்ல, அதனால குண்டு வெடிச்சா கட்டடம்தான் சாகுது. பிறகு 215 நிமிஷத்துல ஒரு நீளப் பதிப்பு விட்டாங்க. அதுலதான் கடற்கொள்ளையர் கதையும் அந்தக் கடையும் சரியா வருது.

கௌதம்: அந்தப் பதிப்புலயாவது கடம்பா உண்டா?

தணிகாசலம்: இல்ல. 2019-ல எச்.பி.ஓ. ஒன்பது எபிசோடு தொடர் எடுத்தாங்க. நேரம் கைல இருந்துச்சு, கடம்பா திரும்பி வந்துடுச்சு. வானத்துல இருந்து குட்டிக் கடம்பாவா மழை பெய்யும்.

கௌதம்: மழையா? காசிமேட்டுல எடுத்தா செலவே இல்லாம... சரி, விடுங்க. மாத்தினது எல்லாமே சொதப்பல்தானா?

தணிகாசலம்: யார் சொன்னது? 'ஓல்ட்பாய்' எட்டு வால்யூம் மாங்கா, அதாவது ஜப்பான் காமிக்ஸ். ஒருத்தனைப் பத்து வருஷம் அடைச்சு வைக்கிறாங்க. காரணம் என்ன தெரியுமா? பள்ளிக்கூடத்துல வில்லன் பாடினப்போ, இவன் ஒருத்தன் மட்டும் அவன் தனிமையைப் புரிஞ்சுக்கிட்டு அழுதுட்டான். அந்த அவமானம்.

கௌதம்: பாட்டைக் கேட்டு அழுததுக்குப் பத்து வருஷமா? கோடம்பாக்கத்துல பாதிப் பேர் உள்ள இருக்கணுமே!

தணிகாசலம்: எட்டு வால்யூம் பொறுமையா படிச்சா அது உறைக்கும். தியேட்டர்ல ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொன்னா சீட்டைக் கிழிப்பான். பார்க் சான்-வூக் 2003-ல படம் எடுத்தப்போ பத்தைப் பதினஞ்சாக்கி, காரணத்தையே வேற ஆக்கினார். அது என்னன்னு கடையில வெச்சுச் சொல்ல முடியாது, பொம்பளைங்க வந்து போற இடம். ஆனா தண்டனைக்கு ஏத்த காரணம். அது சரியான மாத்தல்.

கௌதம்: எழுதினவரே மாத்தினா?

தணிகாசலம்: 'அகிரா'. ஒட்டோமோ 1982-ல ஆரம்பிச்ச மாங்கா, முடிஞ்சது 1990-ல. படத்தை அவரே 1988-ல இயக்கி விட்டுட்டார். ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல, படம் 124 நிமிஷம். மாங்காவுல அகிரா உயிரோட இருக்கிற சின்னப் பையன், பாதிக் கதையில ஊரையே அழிச்சிடுவான், மீதிக் கதை இடிபாட்டுல நடக்கும். படத்துல அகிராவைத் தேடிப் போனா கண்ணாடிக் குடுவைக்குள்ள துண்டு துண்டா இருக்கான். மாங்கா முடிவுல ஹீரோ கனேடாவோட கூட்டம் வெளிநாட்டுப் படையை "இது எங்க நாடு, கிளம்புங்க"ன்னு விரட்டும். படத்துல அந்தப் படையே வரல, விரட்ட ஆளில்ல.

கௌதம்: கதை முடியாம படத்தை முடிக்கிறது எங்க ஆபீஸ்லயும் நடக்குது.

தணிகாசலம்: 'கிக்-ஆஸ்'ல காமிக்ஸும் படமும் கூடவே வளர்ந்துச்சு. முகமூடி மாட்டி மகளோட சண்டைக்குப் போற ஒரு அப்பா, தன்னை முன்னாள் போலீஸ்னு சொல்லிக்குவான். காமிக்ஸ்ல அவன் போலீஸே இல்ல, வெறும் கணக்குப்பிள்ளை. பழைய காமிக்ஸை வித்து வித்துத் துப்பாக்கி வாங்கினவன். ஹீரோவுக்கு அவன் ஆசைப்பட்ட பொண்ணும் கிடைக்காது, அசிங்கப்படுத்தி அனுப்பிடும். படத்துல அப்பா நிஜ போலீஸ், பொண்ணு ஓகே சொல்லிடும்.

கௌதம்: நீங்க எந்தக் கட்சின்னு கேக்கவே வேணாம்.

தணிகாசலம்: காமிக்ஸை விக்கிறவன் என் கட்சி இல்ல. தமிழ் காமிக்ஸ்ல நம்ம கேப்டன் டைகர் இருக்காரே, பிரெஞ்சுல ப்ளூபெரி, அவரையும் விடலையே! 2004-ல பிரெஞ்சுக்காரங்க படமா எடுத்தாங்க. தங்கச் சுரங்கம் தேடுற கதை. க்ளைமாக்ஸ்ல துப்பாக்கிச் சண்டைன்னு உக்காந்தா, மூலிகையைக் குடிச்சிட்டுப் பாம்பும் பல்லியுமா நிமிஷக்கணக்குல மயக்கம்.

கௌதம்: அண்ணே, ஒரு யோசனை. ரெண்டு க்ளைமாக்ஸும் எடுத்துட்டா? 'ஸ்காட் பில்கிரிம்'ல அப்படித்தானே, ஒரு முடிவு எடுத்து, டெஸ்ட் ஸ்க்ரீனிங் போட்டு, ஜனங்க முகத்தைப் பார்த்து வேற பொண்ணோட அனுப்பிட்டாங்க.

தணிகாசலம்: 1998-ல மலையாளத்துல 'ஹரிகிருஷ்ணன்ஸ்' ஒரே படத்துக்கு ரெண்டு முடிவு வெச்சு ஓடுச்சு. மம்மூட்டிக்கு ஒண்ணு, மோகன்லாலுக்கு ஒண்ணு. உனக்கு ஹீரோ ஒருத்தர்தானே? இன்னொரு முடிவு யாருக்கு, ஹெல்மெட்டுக்கா? பேனாவை எடு. அந்தப் பொண்ணு கடைசியில ஹெல்மெட்டை மாட்டணும்னா என்ன தெரியணும்?

கௌதம்: அவன் யாருன்னு அவளுக்குத் தெரியணும். 22-ம் சீன்ல இருக்கு. அப்புறம்... பைக் ஓட்டத் தெரியணும்.

தணிகாசலம்: புத்தகத்துல அது எங்க வருது?

கௌதம்: 31-ம் சீன். தூக்கிட்டோம். அங்க பாட்டு வருது, செட் போட்டாச்சு.

தணிகாசலம்: எங்க செட்?

கௌதம்: துறைமுகம். கன்டெய்னர் நடுவுல.

தணிகாசலம்: நாலு நிமிஷப் பாட்டுல அவளுக்கு பைக் ஓட்டக் கத்துக் குடு! தனி சீன் வேணாம், தனி செலவு வேணாம். ஒரு இடத்துல ஹெல்மெட் பெருசா இருந்து கண்ணு மேல நழுவட்டும், அதுக்குச் சிரிக்கட்டும். க்ளைமாக்ஸ்ல வாரை இழுத்துக் கட்டினா போதும், வசனமே வேணாம். இன்னொண்ணு. புத்தகத்துல அவ மாட்டுறது இரட்டைப்படைப் பக்கம், தாளைத் திருப்பினாத்தான் தெரியும். திரையில தாள் கிடையாது. அதனால முதல்ல பைக் ஸ்டார்ட் ஆகுற சத்தம், அப்புறம் ஆள்.

கௌதம்: (வேகமாக எழுதிக்கொண்டே) அருமைண்ணே. ஆனா ஹீரோ சாவு? அதுக்கு ஒத்துக்க மாட்டாரே.

தணிகாசலம்: கடல்ல தள்ளிடு. உடம்பு கிடைக்கல. ப்ரொட்யூசர்கிட்ட 'ரெண்டாம் பாகம்'னு மட்டும் சொல்லு, செக் புக்கோட வருவார்.

கௌதம்: அப்ப செத்தானா, பொழைச்சானா?

தணிகாசலம்: பார்க்கிறவனுக்குத் தெரியாது. டைரக்டருக்கும் தெரிய வேணாம்.

கௌதம்: ஹீரோ கேட்டா?

தணிகாசலம்: அது அவர் குடுக்கிற கால்ஷீட்டைப் பொறுத்ததுன்னு சொல்லு.