நாலு கொடிக்கம்பமும் ஒரு கையெழுத்தும்

போன வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தோம். பிஎஃப் காகிதங்களுக்கு அடியில் ரப்பர் பேண்டு போட்டு மூன்று கட்டு ரசீது. மூன்றுமே சங்கச் சந்தா. ஒரே ஆள் பெயர், ஒரே டோக்கன் நம்பர், ஒரே வருஷம், மூன்று வெவ்வேறு சங்கம்.

"என்னங்கப்பா இது, மூணு பேருக்குமா கட்டுனீங்க?"

"கேட்டாங்க, குடுத்தேன். நாளைக்கு எவன் கையெழுத்துப் போடுவான்னு யாருக்குத் தெரியும்?"

அந்த ஒரு வரியை வைத்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா வேலை பார்த்தது கோவையில் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம், இப்போது அது பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டுக்கு வெளியே நாலு கொடிக்கம்பம் வரிசையாக நிற்கும். ஒரு கம்பத்தை ஓர் அடி உயர்த்தினால் மறு மாதமே பக்கத்துக் கம்பமும் ஓர் அடி வளரும். போனஸ் சமயத்தில் நாலு மணிச் சங்கு ஊதி ஷிப்டு விடும்போது பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிய ஆட்கள் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யார் பக்கம் நகர்ந்தாலும் மறுநாள் யாராவது கேட்பார்கள் என்பதால் அப்பா எப்போதும் டீக்கடைப் பக்கம் நகர்வார்.

சங்கங்கள் ஆளுக்கொரு உறுப்பினர் கணக்கு சொல்லும். எல்லாவற்றையும் கூட்டினால் மில்லின் மஸ்டர் ரோலையே, அதாவது வேலையாட்கள் பதிவேட்டையே, தாண்டிவிடும். ஏன் தாண்டியது என்பதற்கான விடை எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்திருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு "சங்கம் நிறைய ஆனதுதான் மில்களைக் கெடுத்தது" என்று சொல்பவர்கள் எங்கள் ஊரில் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. 1946 ஜனவரி 8 அன்று, வெள்ளைக்காரன் ஆட்சியில், சங்கத்தில் இருந்த நாலு மில் தொழிலாளிகளைத் தூக்கில் போட்டார்கள். சின்னியம்பாளையத்தில் இன்றும் அந்த நாளில் கொடி ஏற்றுகிறார்கள். அந்த ஊர்க்காரன் நான். சங்கம் இல்லாமல் எட்டு மணி நேரமும் பஞ்சப்படியும் தானாக வந்துவிடவில்லை. என் குறை வேறு. சங்கங்கள் போட்டி போடட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் போட்டியில் யார் ஜெயித்தது என்று தொழிலாளியைக் கேட்கும் ஒரு நாள் என் அப்பாவின் முப்பத்தி ரெண்டு வருஷ சர்வீசில் ஒரு தடவைகூட வரவில்லை.

சட்டம் இப்படித்தான் இருந்தது. 1926 தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். 2001ல் திருத்தம் கொண்டுவந்து, அந்த ஏழுக்குக் குறையாமல், மொத்தத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது வேண்டும் என்றார்கள். சரி. ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு வாங்கிய சங்கத்தோடு நிர்வாகம் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் இருந்ததில்லை. 1958ல் நிர்வாகங்களும் சங்கங்களும் தாங்களாகவே ஒப்புக்கொண்ட ஓர் ஒழுங்குநெறி வந்தது, அதுவும் சட்டம் இல்லை. ஆகவே எந்தச் சங்கத்தைக் கூப்பிடுவது என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. மாப்பிள்ளை யார் என்று பெண்ணைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிற கதைதான்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. 1947 தொழிற்தகராறு சட்டத்தில் ரெண்டு வகை ஒப்பந்தம் இருந்தது. மில்காரர்கள் பிரிவு நம்பரை வைத்தே பேசுவார்கள். 18(1) என்றால் நிர்வாகமும் கையெழுத்துப் போட்டவர்களும் தங்களுக்குள் செய்துகொண்டது, அவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். 12(3) என்றால் தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்னிலையில் போட்டது. அது அந்த மில்லில் உள்ள எல்லோரையும் கட்டுப்படுத்தும், சங்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாளைக்கு வேலைக்குச் சேரப்போகிறவன் உட்பட.

இந்தக் கடைசி வரியில்தான் எங்கள் மில் மாட்டியது. நான் ஒன்பதாவது படித்த வருஷம், இருப்பதிலேயே சிறிய சங்கம் ஒன்று 12(3) போட்டது. சம்பளத்தில் கொஞ்சம் ஏற்றம், கூடவே ரிங் ஃபிரேம் என்ற நூற்பு மிஷினில் ஓர் ஆள் பார்க்கவேண்டிய சைடுகளின் (மிஷின் பக்கங்களின்) எண்ணிக்கையிலும் ஏற்றம். பெரிய சங்கங்களுக்கு விஷயம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் தெரியும். கேட்டில் கூச்சல், ரெண்டு நாள் வேலை நிறுத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது. அறுந்த இழையைப் பிடித்து ஒட்டிக்கொண்டே சைடு சைடாக நடக்கிற வேலை அது. சைடு கூடினால் நடை கூடும். அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டே, "அந்தச் சங்கத்துக்கும் நீங்க சந்தா கட்டியிருக்கறீங்களே, அவங்களப் போய் ஒரு வார்த்தை கேக்கறதுதானுங்க?" என்றாள். அப்பா பதில் சொல்லவில்லை.

நாலு சங்கமும் தொழிலாளிக்காகப் போட்டி போடவில்லை, நிர்வாகத்தின் பேனாவுக்காகப் போட்டி போட்டன. எது முதலில் மேசைக்குப் போகிறதோ அதற்கே மவுசு. கூலி உயர்வு சமயத்தில் மட்டும் கூட்டுக் கமிட்டி என்று ஒன்று முளைக்கும். அப்போதெல்லாம் உண்மையிலேயே பலம் வரும், ஏதாவது கிடைக்கவும் செய்யும். ஒப்பந்தம் முடிந்த கையோடு கமிட்டியும் கலைந்துவிடும்.

சரி, சட்டமே ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால்? அதையும் பம்பாயில் செய்து பார்த்தார்கள். 1946ம் வருஷத்து பம்பாய் தொழில் உறவுச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் மொத்தத் தொழிலில் 25 சதவீத உறுப்பினர் இருந்தால் அந்தச் சங்கம் பிரதிநிதிச் சங்கம். அப்புறம் பேச்சுவார்த்தை அதனோடுதான். காங்கிரஸ் சார்பான ராஷ்ட்ரிய மில் மஸ்தூர் சங்கம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது, பல பத்தாண்டுகள் எழுந்திருக்கவே இல்லை. நாலில் ஒருவர் போதும் என்றால் மீதி மூன்று பேரைப் பற்றி யாருக்கு என்ன கவலை? 1981ல் போனஸ் விவகாரத்தில் வெறுத்துப்போன தொழிலாளர்கள் தாங்களாகவே டாக்டர் தத்தா சாமந்த் வீட்டுக்குப் போய் நின்றார்கள். மில்லுக்குச் சம்பந்தமில்லாத ஆள், மருத்துவர், மற்றத் தொழிற்சாலைகளில் நல்ல சம்பளம் வாங்கிக் கொடுத்தவர். 1982 ஜனவரி 18ல் தொடங்கிய வேலை நிறுத்தத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் இறங்கினார்கள். கோரிக்கையில் சம்பளம் இருந்தது, பதிலிகளை, அதாவது நிரந்தர ஆள் வராத நாளில் மட்டும் வேலை கிடைப்பவர்களை, நிரந்தரமாக்குவது இருந்தது, அந்தச் சட்டத்தையே தூக்கு என்பதும் இருந்தது. இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றபோதும் சட்டத்தின் கண்ணுக்கு உள்ளே இருந்த சங்கம்தான் பிரதிநிதி. அந்தப் போராட்டத்தை யாரும் முறைப்படி வாபஸ் வாங்கவே இல்லை, அப்படியே கரைந்துபோனது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று மால் இருக்கிறது.

பம்பாய் மில்கள் ஏற்கனவே நொடித்திருந்தன, சாமந்த் நிறுத்தத் தெரியாமல் இழுத்துவிட்டார் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 1981லேயே ஓர் ஓட்டுப்பெட்டி வைத்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"அப்படியானால் மில்லுக்கு ஒரே சங்கம்தானே தீர்வு?" என்று கமெண்டில் கேட்கப்போகிறீர்கள். அவசரப்படாதீர்கள். அதே பம்பாயில் 1928ல் ஆறு மாதம் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நெசவுப் பிரிவில் சம்பளம் அதிகம், ஆனால் தலித் தொழிலாளர்களுக்கு அங்கே இடமில்லை. அறுந்த இழையை மாட்டும்போது எச்சில் தொட வேண்டியிருக்கும், தீட்டாம். போராட்டத் தலைவர்களுக்கு இது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. அம்பேத்கர் வெளியிலிருந்து நெருக்கிய பிறகுதான் அது கோரிக்கையில் ஏறியது. சென்னை பின்னி மில்லிலும் 1921ல் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்திலிருந்து விலகி உள்ளே போக, அவர்கள் குடியிருந்த புளியந்தோப்பு பற்றி எரிந்தது. ஒரே சங்கம் என்றால் அதற்குள் யார் குரல் அமுங்குகிறது என்பதையும் கேட்க வேண்டும். போட்டிச் சங்கம் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் ஆளாவது இருப்பான்.

ரயில்வேயில் 2007, 2013, 2024 என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்தித்தான் அங்கீகாரம் கொடுக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. மில்லுக்கு மட்டும் ஏன் ஆகாது? நிர்வாகத்துக்குப் பிடிக்காது, அது தெரிந்ததே. சங்கத் தலைவர்கள் பலருக்கும் பிடிக்காது என்பதைத்தான் யாரும் வெளியே சொல்வதில்லை. சந்தா புத்தகத்தில் ஆயிரம் காட்டுகிறவருக்குப் பெட்டியைத் திறந்தால் எத்தனை விழும் என்று தெரியும்.

இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. 2020ல் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. மஸ்டர் ரோலில் 51 சதவீதம் வைத்திருக்கும் சங்கமே பேசும் சங்கம். அப்படி யாரும் இல்லையென்றால் 20 சதவீதத்துக்கு ஒரு இடம் என்று ஒரு குழு. எண்ணுவது என்ற யோசனை நல்ல யோசனை. வேலை நிறுத்தத்துக்குப் போட்டிருக்கும் கட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு நல்ல எண்ணமாகத் தெரியவில்லை, அது தனிப் பதிவாக எழுத வேண்டியது.

என் சந்தேகம் மஸ்டர் ரோலில்தான். இன்றைக்கு ஒரு நூற்பாலைக்குள் போய்ப் பாருங்கள். ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், காண்டிராக்டர் ஆட்கள். அப்பா மாதிரி நிரந்தரத் தொழிலாளி கொஞ்சம் பேர்தான். அப்ரண்டிஸ் சட்டத்தில் வருகிறவர் புதுச் சட்டப்படி தொழிலாளியே இல்லை. காண்டிராக்ட் ஆள் மில்லின் ரோலில் இருக்கமாட்டார். மிஷினை ஓட்டுவது இவர்கள், 51 சதவீதம் கணக்கெடுப்பது மற்றவர்களிடம். ஹாஸ்டல் கேட்டுக்குள் சங்கத்துக்காரர் நுழையவே முடியாது. நுழைந்தாலும் ஒடியா தெரிந்தவர் எத்தனை சங்கத்தில் இருக்கிறார்? நாலு கொடியும் இன்னும் அந்தப் பழைய கொஞ்சம் பேருக்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

ரசீதுக் கட்டுகளை எறியவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். திரும்பப் பெட்டிக்குள் வைக்கும்போது கேட்டேன்: "அப்பவே ரகசிய ஓட்டு வெச்சிருந்தா நீங்க எந்தச் சங்கத்துக்குப் போட்டிருப்பீங்க?"

"ரகசியம்னு நீதானே சொன்னே. அதை எதுக்கு உங்கிட்டச் சொல்லோணும்?" என்றார்.