பாதிக் கதையைச் சொல்லிவிட்டீர்கள்

டெக்சாஸில் 2008-ல் ஒரு மதப்பிரிவின் பண்ணைக்குள் போய் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அரசு தூக்கிப்போனதைக் காட்டி, 'மத விஷயத்தில் அரசு தலையிடவே கூடாது' என்று முடித்துவிட்டீர்கள். சிறுமி ஒருத்தியைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று முதலில் வந்த புகார் போனே பொய். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது அந்த மாநில உச்ச நீதிமன்றம். சரி. ஆனால் அதே பிரிவின் தலைவர் வாரன் ஜெஃப்ஸுக்கு 2011-ல் சிறுமிகளை வன்கொடுமை செய்ததற்காக ஆயுள் தண்டனை கிடைத்ததை ஏன் விட்டீர்கள்?

எங்கள் கடலூர் மாவட்டத்தில், வடலூர் பக்கம், வள்ளலார் வழியில் புலால் தொடாத சன்மார்க்கக் குடும்பங்கள் உண்டு. பிள்ளை சத்துணவில் முட்டை தொடாது. வாழைப்பழம் கொடுத்தால் தீர்ந்தது. மத நம்பிக்கையால் தேசிய கீதம் பாடாத யெகோவா சாட்சி என்ற கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று 1986-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. இதில் எல்லாம் எந்தப் பிள்ளைக்கும் ஆபத்து கிடையாது. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு 'சாமி உத்தரவு' என்று தாலி கட்ட வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட யோசிக்கவே வேண்டாம். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தணும், இது சட்டம். பெற்றோர் தரப்பையும் அங்கே கேட்கட்டும். ஒரு வீட்டில் தப்பு நடந்தால் அந்த வீட்டுப் பிள்ளையை மீட்கணும். தெருவையே காலி பண்ணினார்களே, டெக்சாஸில் சறுக்கியது அங்கேதான்.